கிளட்ச்: காலை ஒன்று, மாலை ஒன்று

மருந்துக்கடைக்காரர் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குள் மடங்கி உட்கார்ந்து, இடது காலால் கிளட்சை அழுத்தி, மெல்ல விட்டு, வண்டி லேசாக நகரப் பார்த்த இடத்தில் காலை அப்படியே நிறுத்தினார். பிறகு குனிந்து, சீட்டின் விளிம்பிலிருந்து பெடல் வரைக்கும் டேப்பை இழுத்தார்.

"காலையில இருபது அங்குலம். இப்ப பத்தொன்பதரை. அத்தை, கொஞ்சம் எழுதிக்கிறீங்களா?"

மாமியார் ஷெட் வாசலில் நின்று ஒரு லேபிளில் எழுதிக்கொண்டார். கடையில் மாத்திரைக் கவர்மேல் ஒட்டுகிற லேபிள் அது. 'காலை' என்பதற்கு நேரே ஓர் எண், 'மாலை' என்பதற்கு நேரே ஓர் எண். மருந்துக்கடைக்காரருக்கு எதையும் வேளைவாரியாகப் பார்த்தே பழக்கம்.

வண்டி வாங்கி மூன்று வாரம். ஏற்கெனவே இரண்டு கை மாறிய வண்டி. நாற்பத்தாறு வயது வரைக்கும் சைக்கிளைத் தாண்டாதவர், ஆசை அடங்காமல் வாங்கிவிட்டார். மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"ஒரு தடவை என்னை நடுரோட்டுல நிறுத்துச்சுன்னாலும் போதும், மறுநாளே பல் டாக்டருக்கு வித்துடணும். அவர்தான் கேட்டுக்கிட்டே இருக்காரே."

மாமியார் முதல் நாளே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "வீட்ல மூணு பேர். வண்டியில ரெண்டு சீட்டு. நான் எங்க உட்கார்றது?" என்று கேட்டிருந்தார். மாப்பிள்ளை அசடு வழிந்தார். ஆனால் அதற்குப் பிறகு மாமியார் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அந்தப் பெரிய மனசுக்கே அவர் உள்ளுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரத்து லேபிள்களை மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"யாருக்குங்க உடம்பு சரியில்ல?" என்றார் மெக்கானிக்.

"வண்டிக்குத்தான். கிளட்ச் பிடிக்கிற இடம் மாறிக்கிட்டே இருக்கு. ராத்திரியில மாறல. நான் பகல்ல சைக்கிள்ல கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள மாறிடுது."

மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். "பெடல் மேல வந்துதான் பிடிக்குது. அப்படின்னா கிளட்ச் பிளேட் தேஞ்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். பழைய வண்டில அது சகஜம். ஆனா தினம் தினம் மாறாதே." தலையைச் சொறிந்தார். "ஷெட்டுல வெக்கையோ?"

அது போதாதா. மறுநாளிலிருந்து பகல் முழுக்க ஷெட் கதவு பப்பரப்பா என்று திறந்து கிடந்தது.

"காத்தோட்டமா இருக்கட்டும். நீங்க கொஞ்சம் பாத்துக்கணும் அத்தை."

"நான் வீட்ல சும்மாதானே இருக்கேன் மாப்பிள்ளை. ஒரு கண்ணு வச்சுக்கறேன்."

அன்று மாலை அளவு ஓர் அங்குலம் குறைந்திருந்தது. புதிதாக ஒரு கருகல் வாசனை வேறு.

"வண்டிய நிக்க விட்டா இப்படித்தான் ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும். பகல்ல ஒரு தடவையாவது யாரையாவது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க," என்றார் மெக்கானிக்.

மனைவி காலையிலேயே ஆபீசுக்குப் போய்விடுவாள். வேறு வழியில்லை. மருந்துக்கடைக்காரர் தயங்கித் தயங்கி மாமியார் முன்னால் போய் நின்று விஷயத்தைச் சொன்னார்.

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்றார் மாமியார். "சரி, ஆசைப்பட்டு வாங்கிட்டீங்க. சாவி எப்பவும் போல ஆணியிலயே தொங்கட்டும். எப்படியோ சமாளிக்கிறேன்."

அன்று மருந்துக்கடைக்காரர், கடைக்கு இருமல் மருந்து கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "மாமியார்னா எங்க அத்தை மாதிரி இருக்கணும்," என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த வாரம் பெட்ரோல் மளமளவென்று இறங்கியது. கருகல் வாசனை கூடியது. அளவோ ஒரு நாள் பதினெட்டு, ஒரு நாள் இருபத்தொன்று. மெக்கானிக் லேபிள்களை முன்னும் பின்னும் புரட்டினார்.

"எங்கேருந்து அளக்கறீங்க?"

"சீட்டு விளிம்புலேருந்து."

மெக்கானிக் லேபிள்களைக் கீழே வைத்தார். "சீட்டு நகர்ற சாமானுங்க. அதுலேருந்தா அளப்பாங்க?"

"பூட்டிக் கிடக்கிற சீட்டு தானா எப்படி நகரும்?"

"பழைய வண்டி. லாக் தேஞ்சிருக்கும்."

சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளி, மருந்துக்கடைக்காரரின் ஆறடி உயரத்துக்குத் தோதாக, நாலு போல்ட் போட்டு இறுக்கிக் கொடுத்தார். இனி யார் தலைகீழாக நின்றாலும் அசையாது.

மறுநாள் மாலை வண்டியில் ஏறியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சீட்டில், முதுகுப் பக்கம், ஒரு தலையணை.

"உங்க முதுகுக்கு இதமா இருக்கட்டுமேன்னு வச்சேன்," என்றார் மாமியார்.

மருந்துக்கடைக்காரர் கண்களைத் துடைத்துக்கொண்டு அளந்தார். இருபத்தொன்று. அடுத்த நாளும் இருபத்தொன்று. நோய் தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை மனைவியை வெளியே கூட்டிப்போனார்.

மேம்பாலத்தில் பாதி ஏறியதும் இன்ஜின் உறுமியது. வண்டி மட்டும் நகரவில்லை. குப்பென்று கருகல் நாற்றம். மனைவி கதவைத் திறந்து இறங்கி, கைப்பையிலிருந்து குடையை எடுத்து விரித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அவள் திட்டியிருந்தால் அவர் நிம்மதியாக இருந்திருப்பார்.

வண்டி கயிற்றில் கட்டி இழுத்துவரப்பட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி, "பல் டாக்டருக்குப் போன் போடுங்க," என்றாள்.

அவர் போனை எடுக்கவே போய்விட்டார். அப்போதுதான் மாமியார் எழுந்து வந்தார்.

"பிளேட் போச்சுன்னா பிளேட்ட மாத்தணும். அதுக்காக வண்டியவே வித்துடுவாங்களா? வாயக் கட்டி வயித்தக் கட்டி வாங்கின மனுஷன். இந்த வீட்ல இனி யாரும் விக்கிற பேச்சு பேசக் கூடாது. நீயுந்தான்."

அம்மா இப்படிப் பேசி மகள் கேட்டதே இல்லை. நேரே அடுப்படிக்குள் போய்விட்டாள்.

புது பிளேட் போட்டு வண்டி வந்தது. பெடல் பாதியிலேயே பூப்போலப் பிடித்தது. மருந்துக்கடைக்காரர் நேரே கூடத்துக்கு வந்து மாமியார் முன்னால் நின்றார்.

"அத்தை, பெத்த அம்மாகூட எனக்காக இவ்வளவு பண்ணியிருக்க மாட்டாங்க. வண்டிய எனக்கு மீட்டுக் குடுத்ததே நீங்கதான். இந்த நன்றிய நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா மாப்பிள்ளை," என்று மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அழைப்பு மணி அடித்தது. மருந்துக்கடைக்காரர் போய்க் கதவைத் திறந்தார். டிரைவிங் ஸ்கூல் என்று சட்டைப்பையில் எழுதியிருந்த ஒருவர் நின்றார். மருந்துக்கடைக்காரரின் தோளுக்கு மேலே எட்டி, உள்ளே இருந்த மாமியாரைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மா, நாளைக்குப் பத்து மணிக்கு உங்களுக்கு டெஸ்ட். தினமும் ஓட்டிட்டு வர்ற சிவப்பு வண்டியவே கொண்டாந்துடுங்க, முதுகுக்கு வைக்கிற தலகாணிய மட்டும் மறந்துடாதீங்க."