ஒரு பீக்கர் ரோஷம்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. என் கோபத்தில் நியாயம் இருக்கும், நிதானம்தான் இருக்காது. நியாயம் முழுக்க முழுக்க என் பக்கம் இருந்த ஒரு நாளில், நிதானம் இல்லாத ஒரே காரணத்தால் நான் கொசு மருந்து குடித்தேன். (பயப்படாதீர்கள், மனக்கஷ்டம் எதுவும் இல்லை. குடித்தது கடமை உணர்ச்சியில்.)

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சொன்னால் யாருக்கும் புரிவதில்லை, என் கோபத்தில் பாதி அதனால்தான். தொழிற்சாலைகளில் பயன்படும் ரசாயனங்கள் குளம் குட்டையில் கலந்தால் அங்கே வாழும் சின்னஞ்சிறு உயிர்களுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது என் வேலை. கணிப்பது கம்ப்யூட்டர். ஒரு ரசாயனத்தின் அமைப்பை அதற்குக் கொடுத்தால், அதே சாயலில் உள்ள மற்ற ரசாயனங்கள் முன்பு என்னென்ன செய்தன என்று பார்த்துவிட்டு ஒரு எண்ணைச் சொல்லும். இந்த அளவு கலந்தால் தண்ணீரில் உள்ள டாப்னியாக்களில் பாதி நீந்துவதை நிறுத்திவிடும் என்பது அந்த எண்ணுக்கு அர்த்தம்.

டாப்னியாவைத் தமிழில் நீர்த்தெள்ளு என்கிறார்கள். வளர்ந்ததே கடுகளவுதான் இருக்கும், நாள் முழுக்கத் தண்ணீரில் துள்ளிக்கொண்டே இருக்கும். அது பாசியைத் தின்னும், மீன் குஞ்சு அதைத் தின்னும். அது போனால் பின்னாலேயே மற்றதெல்லாம் போகும்.

வேலை கிடைத்த புதிதில் இதையெல்லாம் வீட்டில் உட்காரவைத்து விளக்கினேன். எங்கள் வீடு நெட்டுக்குப்பத்தில். அப்பா கடலுக்கும் முகத்துவாரத்துக்கும் மாறி மாறிப் போகும் மீனவர். கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"பாதி செத்துடும், சரி. மீதி பாதி இன்னா பண்ணும்? குந்திகினு அழுவுமா?" என்றார்.

"இத்தக் கண்டுபுடிக்கக் கம்ப்யூட்டரு வேற வேணுமா? நம்ம ஆத்தாண்ட வந்து பாக்கச் சொல்லு, முழுசாவே செத்துக் கீது" என்றார் அம்மா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

நான் வேலை பார்த்தது திருவொற்றியூரில் மூன்றாவது மாடியில் இருந்த ஒரு சின்னக் கன்சல்டன்சியில். முதலாளி சுந்தரம் சார் தங்கமானவர். ஆனால் வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்தால் அவர் குரல் பாதியாகிவிடும். மணலிப் பக்கமிருந்து ஒரு தொழிற்சாலை எங்களிடம் வந்தது. இயந்திர பாகங்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவப் புதிதாக ஒரு திரவம் வாங்கியிருந்தார்கள். கழுவிய தண்ணீரை அப்படியே பின்பக்கக் கால்வாயில் விடலாமா, இல்லை சுத்திகரிக்கத் தொட்டி கட்ட வேண்டுமா என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கால்வாய் ஓர் ஏரியில் விழும். ஏரி நிறைந்தால் தண்ணீர் முகத்துவாரத்துக்கு வரும். முகத்துவாரத்தில் என் அப்பாவின் வலை இருக்கும்.

கம்ப்யூட்டர் சொன்ன எண் மிகமிகச் சிறியது. எண் சிறியதென்றால் விஷம் பெரியது. தொழிற்சாலை மேனேஜர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, "அப்பாடா, கம்மியாத்தானே இருக்கு" என்று சந்தோஷப்பட்டார். நான் விளக்கியதும் முகம் மாறியது.

"கம்ப்யூட்டர் ஆயிரம் சொல்லும்மா. இதெல்லாம் ஜோசியம் மாதிரிதானே? உயிரோட இருக்கிற பூச்சிய வெச்சு என் கண்ணு முன்னாடி நிரூபிங்க. இல்லன்னா 'தீங்கில்லை'ன்னு ரிப்போர்ட் குடுங்க."

ஜோசியமாம்! ராத்திரி பகலாகப் படித்து எம்.எஸ்சி. வாங்கியவளைப் பார்த்து ஜோசியம் என்கிறார்! சுந்தரம் சார் வாயைத் திறப்பதற்குள், "வாங்க சார், காட்டறேன்" என்று நான் சவால் விட்டுவிட்டேன்.

இங்கே தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டாப்னியாவுக்குக் குளோரின் ஆகாது. அலுவலக போர் தண்ணீரோ ஒரே உப்பு. அதனால் எங்கள் வீட்டில் லாரித் தண்ணீரைப் பிடித்து, நீல டிரம்மில் மூடாமல் சில நாள் வைத்திருந்து, குளோரின் போன பிறகு கேனில் எடுத்துப் போவேன். டிரம்மை மூடக் கூடாது, அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அம்மாவுக்குக் கண்டிப்பான உத்தரவு. (அலுவலக மீன் தொட்டியில் என் டாப்னியாக்கள் நெட்டுக்குப்பத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்தவை என்பதில் எனக்கு ஏகப் பெருமை.)

குறித்த நாளில் புதிதாக ஒரு கேன் தண்ணீரோடு போய் மூன்று பீக்கர்களை வரிசையாக வைத்தேன். முதலாவதில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் அதே தண்ணீரோடு தொழிற்சாலைத் திரவம் கொஞ்சம். மூன்றாவதில் இன்னும் கொஞ்சம் கூட. மூன்றிலும் டாப்னியாக்களை விட்டேன். முறைப்படி இரண்டு நாள் பார்க்க வேண்டும். மேனேஜருக்கு அவ்வளவு பொறுமை இல்லை, மத்தியானமே முடிவு தெரிய வேண்டும் என்றார். அதற்காகவே அளவைக் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தேன்.

சாப்பிடக் கிளம்பும்முன் ஒரு சொற்பொழிவு வேறு ஆற்றினேன். "சார், நாம திரும்பி வரும்போது முதல் பீக்கர்ல எல்லாம் ஜாலியா நீந்திக்கிட்டு இருக்கும். மத்த ரெண்டுலயும் அடியில கிடக்கும். வேணும்னா எழுதி வெச்சுக்கோங்க." (ஜோசியம் என்று அவர் சொன்னது இதைத்தானோ என்னவோ.)

பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தோம். மூன்று பீக்கரிலும் அடியில் கிடந்தன.

எங்கள் துறையில் இதைச் 'செத்துவிட்டது' என்று எழுத மாட்டோம். லேசாகக் கலக்கிப் பார்த்து, நீந்தாவிட்டால் 'அசைவில்லை' என்று எழுதுவோம். முதல் பீக்கரை லேசாகக் கலக்கினேன். அசைவில்லை. பலமாகக் கலக்கினேன். "கொஞ்சம் நீந்துங்களேன்" என்று வாய்விட்டுக் கெஞ்சாததுதான் பாக்கி.

மேனேஜர் குனிந்து மூன்றையும் பார்த்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "வெறும் தண்ணியிலயே சாகுதேம்மா! அப்புறம் எங்க லிக்விட் மேல என்ன குத்தம்?"

வெறும் தண்ணீரில் விட்டவை செத்தால் அந்தச் சோதனையே செல்லாது. அதை வைத்துத் திரவம் நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது. அதை அமைதியாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். ஆனால் அவர் குறை சொன்னது எங்கள் வீட்டுத் தண்ணீரை அல்லவா!

"என் தண்ணியப் பத்திப் பேசாதீங்க சார். இது சுத்தமான தண்ணி!"

"சுத்தமான தண்ணின்னா பூச்சி ஏன் செத்துது?"

"பாருங்க" என்றேன். முதல் பீக்கரை எடுத்து, அண்ணாந்து, மடமடவென்று பாதியைக் குடித்தேன்.

சுந்தரம் சார் "ஐயையோ" என்று நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். தண்ணீரோடு போனவை நானே சோறூட்டி வளர்த்தவை என்பது தொண்டையைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. துப்பவும் முடியாது, கௌரவப் பிரச்சினை.

மேனேஜர் அசரவில்லை. "நீங்க குடிச்சிட்டா அது சுத்தம்னு ஆயிடுமா?"

சாட்சிக்கு என் அம்மாவையே கூப்பிட்டேன். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ம்மா, நீல டிரம்முல யார்னா கை வெச்சாங்களா?"

"யாரும் வெக்கிலியே."

மேனேஜரைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தேன். அந்த இடத்தில் போனை வைத்திருக்க வேண்டும்.

"கை வெக்கில. மருந்துதான் ஊத்துனேன்."

"இன்னா மருந்து?"

"கொசு மருந்து. முந்தாநாளு அந்தக் கொசு மருந்து அக்கா வந்துச்சு. டிரம்மு தொறந்துகினு கீதே, புழு வெக்குமே, மூடி வெய்யின்னுச்சு. நீதான் மூடக் கூடாதுன்னு சொல்லிக் கீறியே. சரி, மருந்தாச்சும் குடு யக்கா, நானே ஊத்திக்கிறேன்னு வாங்கிகினேன். குடிக்கிற தண்ணியா இன்னா, உன் பூச்சிங்க குளிக்கிற தண்ணிதானேன்னு கொஞ்சம் தூக்கலாவே ஊத்திட்டேன். இன்னாத்துக்குக் கேக்கற?"

கொசுப் புழுவைக் கொல்லும் மருந்து டாப்னியாவை மட்டும் விட்டுவைக்காது. இதைக் கணிக்க எனக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. மேனேஜர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சுந்தரம் சாரிடம் திரும்பினார். "கொசு மருந்துல போட்டுக் கொன்னுட்டு எங்க மேல பழி போடறீங்க. சரி, போகட்டும். 'தீங்கில்லை'ன்னு நாளைக்கே ரிப்போர்ட் அனுப்பிடுங்க சார்."

சுந்தரம் சார் பாதிக் குரலில், "அனுப்பிடலாம் சார்..." என்று இழுத்தார்.

என் மானம் போனதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் அம்மா ஊற்றிய கொசு மருந்தைச் சாக்காக வைத்து, அந்தக் கழுவல் தண்ணீர் தொட்டியும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் நேரே என் அப்பாவின் வலைக்குப் போகப் போகிறது. இதைவிட அநியாயம் உண்டா? உடம்பெல்லாம் நடுங்கியது. (மருந்தா கோபமா என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை.) ஒரு டம்ளரில் அலுவலகக் குடிதண்ணீரைப் பிடித்தேன். மேனேஜர் கொண்டுவந்திருந்த சாம்பிள் பாட்டிலிலிருந்து கொஞ்சம் அதில் ஊற்றினேன். அவர் முன்னால் வைத்தேன்.

"என் தண்ணிய நான் குடிச்சிட்டேன் சார். உங்க தண்ணிய நீங்க குடிங்க."

"தேன்மொழி!" என்றார் சுந்தரம் சார்.

"தீங்கில்லைதானே? குடிங்க சார்."

மேனேஜர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "என்னம்மா விளையாடற? அது மிஷின் கழுவுறது! மனுஷன் குடிக்கிறதா அது?"

"மீன் குடிக்கலாமா சார்?"

அவர் டம்ளரைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொரு மீட்டிங் இருக்கிறது என்றார். சுந்தரம் சாரும் அந்த டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழுக் குரலில் (வாடிக்கையாளர் ஒருவரிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை) "இந்த டெஸ்ட் செல்லாது சார். மறுபடியும் செய்யறோம். அதுவரைக்கும் ரிப்போர்ட் கிடையாது" என்றார்.

மேனேஜர் போனதும் எனக்குத் தைரியம் போய்விட்டது. சுந்தரம் சார் ஸ்கூட்டரில் உட்காரவைத்து ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனார். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த அளவுக்கு உயிருக்கு ஒன்றும் ஆகாது, சாயங்காலம் வரை இங்கேயே இரு, பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"மருந்தோட வேற எதாவது உள்ள போச்சா?"

நான் விட்டத்தைப் பார்த்தேன். சுந்தரம் சார்தான், "கொஞ்சம் பூச்சி டாக்டர்" என்றார்.

"பூச்சி இல்ல டாக்டர்" என்று படுத்தபடியே திருத்தினேன். "அது இறால் வகையறா." அந்த நிலைமையிலும் தப்பாக எழுதவிட எனக்கு மனசு வரவில்லை.

தகவல் கேட்டு ஓடிவந்த அப்பா, மகள் பிழைத்துக்கொண்டாள் என்று தெரிந்ததும் இந்த ஒரு விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டார். "எறாவா? அத்த ஏன் பச்சையா துன்ன? அம்மாவாண்ட குடுத்தா தொக்கு வெச்சிருக்கும்ல?" கூடவே வந்திருந்த அம்மா அழுதுகொண்டே அவரை அடித்தார்.

வேறு தண்ணீர் பிடித்து, டிரம்முக்குக் கொசுவலை கட்டி, முறைப்படி இரண்டு நாள் சோதனையை மறுபடியும் செய்தோம். வெறும் தண்ணீரில் எல்லாம் துள்ளின. திரவம் கலந்ததில் கம்ப்யூட்டர் சொன்னபடியே கிடந்தன. சுத்திகரிக்காமல் விடக் கூடாது என்று சுந்தரம் சார் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மேனேஜர் அதன் பிறகு எங்கள் மாடிப்படி ஏறவில்லை. தொட்டி கட்டினார்கள், போய்ப் பார்த்தேன். அது தினமும் ஓடுகிறதா, யாராவது எட்டிப் பார்க்கும்போது மட்டும் ஓடுகிறதா என்பது எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

எங்கள் சொந்தக்காரர்களுக்கோ கொதிப்பெல்லாம் இல்லை, வெறும் சிரிப்புதான். கல்யாண வீட்டில் நான் தண்ணீர் டம்ளரை எடுத்தால் போதும், "தே, பாத்துக் குடி, உன் சாதி சனம் உள்ள கீதா பாரு" என்று பந்தியே சிரிக்கும். அதையும் ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் புதிதாக ஏதாவது கம்பெனி வருவதாக இருந்தால், பந்தல் போட்டு, மைக் வைத்து, ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பார்கள். நாங்கள் விடும் தண்ணீரால் ஒரு கெடுதலும் வராது என்று கோட் போட்ட ஒருவர் படம் காட்டிப் பேசுவார். அவர் பேசி முடிக்கும்வரை அப்பாவும் அவருடைய தோஸ்துகளும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிறகு அப்பா எழுந்து போய், முன்பு வந்த கம்பெனிக்காரரும் இதையே சொல்லிவிட்டுப் போன பிறகு ஆறு என்ன ஆனது என்பதற்குச் சாட்சியாக, ஒரு சொம்பு ஆற்றுத் தண்ணீரை அந்த மேஜை மேல் வைப்பார்.

"எங்க வூட்டுப் பொண்ணு ரோஷத்துல கொசு மருந்தே குச்சிட்டு வந்துச்சு. நீ இதுல ஒரு வாய் குடி நைனா, போதும். நாங்க வாயத் தொறக்காம எந்திரிச்சுப் போயிடறோம்."

பந்தல் முழுக்கச் சிரிக்கும். நான் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். கூட்டம் முடிந்ததும் அப்பா சொம்பைத் தூக்கிக்கொண்டு வருவார். இதுவரை ஒரு தடவைகூட அது குறைந்து வந்ததில்லை.