மூணெண்ணெய்க்காரர்

இந்த மலைநாட்டில் எண்ணெயை மூக்கால் வாசிக்கத் தெரிந்த மனிதர் ஒருவர்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எனக்குத் தெரியாது. தலவாக்கலை டவுன் முழுக்க அவர் மூணெண்ணெய்க்காரர்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். லொறி கழுவிப் பிழைத்தவன். இன்று டவுனில் மூன்று கதவு வைத்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை என்னுடையது. அதன் மேல்மாடியும் என்னுடையது. ஒரு மகன் கனடாவில், ஒரு மகன் கொழும்பில். மேல்மாடி முழுவதும் நான் ஒருவன்தான். தோட்டத்துத் துரைமார் ஜீப்பை வாசலில் நிறுத்தி, எந்த எண்ணெய் போடலாம் என்று என்னைக் கேட்பார்கள். நான் கை காட்டுகிற டின்னை மறுபேச்சில்லாமல் தூக்கிப் போவார்கள். மறுபேச்சுப் பேசிய ஒரே ஆள் மூணெண்ணெய்க்காரர்.

வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் அவருக்கு ஒற்றை அறைக் காம்பிரா. வெள்ளைக்காரத் துரை காலத்துச் சீமை மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். இந்தக் காலத்து வண்டிக்கு ஒரு எண்ணெய் ஊற்றினால் இன்ஜின், கிளச், கியர் எல்லாம் அதையே பங்கு போட்டுக்கொள்ளும். அந்தக் கிழட்டு வண்டிக்கோ மூன்றுக்கும் தனித்தனி அறை, தனித்தனி மூடி.

"எல்லாத்துக்கும் இதையே ஊத்துய்யா" என்று நல்ல கார் எண்ணெய் ஒன்றை நீட்டினேன்.

"மொதலாளி, சோறு, ரசம், பாயாசம் மூணையும் ஒரே சட்டியில கலக்கிக் குடுத்தா நீங்க சாப்புடுவீங்களா?"

"வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானய்யா!"

"வயிறு பேசாதுங்க. கிளச்சு பேசும்."

அவர் கணக்குப்படி, இன்ஜினுக்குச் சூட்டில் நீர்த்துப்போகாத எண்ணெய். நடுவில் சங்கிலிப் பெட்டி. அதற்குள்தான் கிளச்சும் குளித்துக்கொண்டிருக்கும். அதற்கு மெல்லிசு வேண்டும், ஆனால் கார் எண்ணெயின் வழுவழுப்பு ஆகாது, கிளச் வழுக்கும். கியருக்குத் தேன்போலக் கெட்டி. அதிலும் கந்தக வாடை அடித்தால் வேண்டாம். உள்ளே இருக்கிற பித்தளையைத் தின்றுவிடுமாம். அதற்காக என் டின்களை எல்லாம் திறந்து முகர்ந்து பார்ப்பார். பிறகு ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்து, மூன்று சொட்டை ஓடவிட்டு, குதிரைப் பந்தயம் பார்ப்பவர்போல் உட்கார்ந்துவிடுவார். யாராவது வந்து எண்ணெய் கேட்டால், "எந்த மூடிக்கு?" என்பார். வந்தவன் பயந்துபோய் அடுத்த கடைக்கு நடந்துவிடுவான்.

"யோவ், நீ வாங்க வந்தியா, வெரட்ட வந்தியா?"

"தேத்தண்ணி சொல்லுங்க மொதலாளி. பந்தயம் இன்னும் முடியல."

இத்தனைக்கும் அந்த வண்டி எங்கும் போகாது. காம்பிராவுக்குள் வண்டி தூங்கும். வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் பாய் போட்டு அவர் தூங்குவார். கடைக்குக்கூட பஸ்ஸில்தான் வருவார். அந்த வண்டிக்கு ஒரே ஒரு ஓட்டம்தான் பாக்கி இருந்தது.

அவர் மனைவி பாக்கியம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது, வட்டகொடை ஸ்டேஷனுக்கு அதன் பின்சீட்டில்தான் இறங்கிப் போனார். கோச்சியில் ஏறும்போது சொன்னாராம்: "திரும்பி வர்றப்பவும் இதுலதான் மேல ஏறுவேன். பாதி மலையில நின்னுச்சு, அடுத்த கோச்சியிலயே திரும்பிருவேன், சொல்லிட்டேன்!"

விளையாட்டுக்குச் சொன்னதுதான். மனிதர் அதைக் கல்லில் வெட்டிக்கொண்டார். இரண்டு வருடம் என்று போனவர், இன்னும் இரண்டு வருடம் என்று போனில் சொன்னார். பிறகும் அதையே சொன்னார். ஒவ்வொரு தடவையும் மூணெண்ணெய்க்காரர் வண்டியின் எண்ணெயை இறக்கிவிட்டு என் கடைக்கு வந்துவிடுவார்.

"ஓடாத வண்டிக்கு எதுக்குய்யா புது எண்ணெ?"

"சும்மா நின்னாலும் கெழடு தட்டும் மொதலாளி."

அவருக்கும் எனக்குமாக இரண்டு தேத்தண்ணி சொன்னேன்.

போன வருடம் பாக்கியம் வருவது உறுதியானது. ஆயுத பூஜைக்கு மறுநாள். மனிதர் காலையிலிருந்து கடை சாத்தும்வரை பந்தயம் விட்டு மூன்று எண்ணெய் தேர்ந்தெடுத்தார். ஆனால் தோட்டத்து ஃபெக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. பூஜையன்று, அம்மனுக்குப் படைத்த நல்லெண்ணெயை ஒவ்வொரு மெசினுக்கும் ஒரு கரண்டி விடுவார்கள். லயத்து ஜனங்கள், பாக்கியம் நல்லபடியாக வந்து சேரட்டும் என்று, மூணெண்ணெய்க்காரர் கோயிலில் இருந்த நேரத்தில் வண்டிக்கு மாலை போட்டு, மூன்று மூடியையும் திறந்து, ஆளுக்கொரு கரண்டி ஊற்றிவிட்டார்கள். அந்த லயத்தில் ஆட்கள் அதிகம்.

மறுநாள் நான் வேனை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனேன். சும்மா, காற்று வாங்க. பாக்கியம் பின்சீட்டில் ஏறினார். ஒரே உதையில் வண்டி பிடித்தது. நான் பின்னாலேயே போனேன். முதல் வளைவிலேயே எனக்குப் பசியெடுத்தது. முன்னால் போகிற வண்டியின் புகையில் தோசை வாசம்!

"என்னங்க, வண்டி ஓட்டுறீங்களா, தோசை சுடுறீங்களா?" பாக்கியம் சிரிப்பது எனக்கே கேட்டது.

அடுத்த ஏற்றத்தில் இன்ஜின் கத்தியது, சக்கரம் நகரவில்லை. வண்டி தேயிலைச் சரிவோரம் நின்றே போனது. அவர் சங்கிலிப் பெட்டி மூடியைத் திறந்து முகர்ந்தார். முகம் செத்துப்போனது.

"நல்லெண்ணெ..." என்றார். பிறகு மனைவியைப் பார்க்காமலே, "அடுத்த கோச்சி சாயந்தரந்தான்" என்றார்.

பாக்கியம் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

"அங்க இருந்தப்ப, இந்த ஏத்தத்துல நடக்கிற மாதிரிதாங்க கனவு வரும். ஹேண்டிலப் புடிங்க. நான் தள்ளுறேன்."

"வேன்ல ஏறுங்கம்மா" என்றேன்.

"நீங்க போங்க மொதலாளி. நாங்க பேசிக்கிட்டே வாறோம்."

அதன் பிறகு மூணெண்ணெய்க்காரர் கடைப்பக்கம் வருவதில்லை. வண்டி இஸ்தோப்புக்கு வந்துவிட்டதாம், அவர் உள்ளே போய்விட்டாராம். நல்லதுதான். விரட்ட ஆளில்லாமல் என் வியாபாரமும் இரண்டு மடங்காகிவிட்டது.

மழை பிடித்த பின்னேரங்களில் டவுனில் ஆள் நடமாட்டம் இருக்காது. தகரத்தைச் சாய்த்து வைத்து மூன்று சொட்டு விடுகிறேன். எது முந்துகிறது என்று எனக்கே இப்போது தெரிகிறது. ஆனால் வாய் மட்டும் இன்னும் இரண்டு தேத்தண்ணிதான் சொல்கிறது.