பிறர் வலிக்கு மூச்சு விடுபவர்

உலகத்தில் வலி உள்ளவர்கள் ஒரு வகை. அந்த வலியை எப்படித் தாங்க வேண்டும் என்று அவர்களுக்கு வகுப்பெடுப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் வகைக்கு இன்னும் மருந்து வரவில்லை.

இவர்களை நான் மலையடிவார விடுதிகளிலும், கடலோர டீக்கடைகளிலும், நகராத ரயில்களிலும் சந்தித்திருக்கிறேன். ஆனால் நன்றாக முற்றிய ரகத்தைப் பார்க்கப் புனேவுக்குத் திரும்பி வர வேண்டியிருந்தது. விஷ்ராந்த்வாடியில் எங்கள் கட்டடத்தின் மேல்மாடி. பெயர் வசந்தகுமார். ஐடி வேலை. ஒரு வாரக் கடைசியில் கம்பெனி செலவில் லோனாவாலாவுக்கு மைண்ட்ஃபுல்னெஸ் தியான முகாம் போனார். திரும்பியபோது குரல் பாதியாகவும் புன்னகை இரட்டிப்பாகவும் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து லிஃப்டில் யாராவது "அம்மாடி" என்று முனகிவிட முடியுமா?

"முழங்காலா? வலியை வெறுக்காதீங்க. வரவேற்று உட்கார வைங்க."

வரவேற்று உட்கார வைக்க அது என்ன சம்பந்தி வீட்டாரா? கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். அவருக்கு ஒரு தலைவலி வந்துகூட யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் அவ்வளவு தெளிவு.

கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்காவுக்கு வருஷக்கணக்காக முதுகுவலி. போசரியில் ஒரு தொழிற்சாலையில் நின்றபடியே பேக்கிங் செய்யும் வேலை. மாத்திரை, பெல்ட், ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருவர் இதே மைண்ட்ஃபுல்னெஸைத்தான் சொல்லித் தந்தார்: வலி ஓடிவிடாது, அதோடு போடும் சண்டையைக் குறைக்கலாம்; தினமும் சாயங்காலம் சும்மா உட்கார்ந்து மூச்சைக் கவனியுங்கள். அக்காவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி கிடைத்தது. கிடைத்தே ஆக வேண்டும். முதுகுக்காகப் போட்ட லீவு முடிகிறது, திங்கட்கிழமை ஷிஃப்ட் முழுக்க நிற்க முடியாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

செய்தி வசந்தகுமார் காதில் விழுந்தது. விடுவாரா? அக்கா கண்ணை மூடும் நேரம் பார்த்து காலிங்பெல். வீடு தேடி வந்தவரை டீ கொடுக்காமல் அனுப்பும் பழக்கம் அக்காவுக்குக் கிடையாது. எனவே அக்கா முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இஞ்சி தட்டி, பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்க, வசந்தகுமார் சோபாவில் சாய்ந்தபடி உள்ளே குரல் கொடுப்பார்: "இந்தக் கணத்துல இருங்கக்கா! அப்புறம், சர்க்கரை கம்மியா."

தினமும் இதே கதை. வெள்ளிக்கிழமை கதவைத் திறந்த அக்கா அடுப்படிப் பக்கமே போகவில்லை.

"உட்காருங்க தம்பி. சேர்ந்தே பண்ணுவோம். ஆனா பேசக் கூடாது."

இருவரும் கண்ணை மூடினார்கள்.

"அக்கா, தோளைத் தளர்த்துங்க."

அக்கா மூச்சை இழுத்தார்.

"மூச்சு வேகமாப் போகுதுக்கா."

அக்கா மூச்சை விட்டார்.

"லோனாவாலாவுல எங்க குருஜி..."

"அரே, போதும் தம்பி!" அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "வலிகூட இருக்கப் பழகிட்டேன். உங்ககூட எப்படி இருக்கிறதுன்னுதான் டாக்டரம்மா சொல்லித் தரல."

திங்கட்கிழமை அக்கா ஷிஃப்ட் முழுக்க நின்றுவிட்டு வந்தார். வலித்ததாம், நின்றாராம். வசந்தகுமார் இப்போது கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "ஸ்டெல்லா அக்கா என்னோட முதல் கேஸ்."

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனால் இதைப் படிக்கும்போதே முதுகுவலிக்கார உறவினர் ஒருவரின் முகம் ஞாபகம் வந்து, 'அவருக்கு இரண்டு வார்த்தை சொல்லலாமே' என்று கை போனைத் தேடியதா? தேடியதுதானே? வேண்டாம், கீழே வையுங்கள். பாவம், அவர் இப்போதுதான் உட்கார்ந்திருப்பார்.