வெளியே சாய்ந்த பூனை முட்கள்

மேடையில் தடுமாறுகிறவர்களை உலகம் மன்னித்துவிடுகிறது. தடுமாறாமல் தப்பாகப் பேசுகிறவர்கள்தான் வசமாக மாட்டுகிறார்கள். நான் இரண்டாம் வகை.

கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, பூனையின் நாக்கை நுண்ணோக்கியில் பார்த்தே முனைவர் பட்டம் வாங்கக் கிளம்பியவள் நான். (எனக்கு நாக்கு நீளம் என்று சொந்தக்காரர்கள் முன்பே சொல்லியிருந்ததால் தலைப்பு யாருக்கும் ஆச்சரியமாக இல்லை.) பூனை நக்கினால் உப்புத்தாள் தேய்த்த மாதிரி இருக்குமே, காரணம் நாக்கின் மேல் நெருக்கமாக நிற்கும் பொடி முட்கள். அத்தனையும் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். எலும்பிலிருந்து கறியைச் சுரண்டி உள்ளே இழுக்க அந்தச் சாய்வு வேண்டும்.

வாய்மொழித் தேர்வுக்காக அந்த முட்களின் படத்தை, ஒரு ஓரத்தில் ‘தொண்டை’, மறு ஓரத்தில் ‘உதடு’ என்று எழுதி, பெரிய பேனராக அடித்துத் தரச் சொல்லி, சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் அக்கா வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அத்தானுக்கு வருஷம் முழுக்கப் பட்டாசு லேபிள் வேலை. தேர்வன்று காலையில்தான் பேனரோடு வந்தார். வெளிர் ரோஜா நிற நாக்கு புஸ்வாணப் பெட்டி மாதிரி ஜொலித்தது. எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு மேல் பார்க்கவில்லை.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பார்த்தார்.

“முள்ளெல்லாம் உதட்டுப் பக்கம் சாய்ஞ்சிருக்கே. இந்தப் பூனை எப்படிம்மா சாப்பிடும்?”

திரும்பினேன். ஒரு முள் விடாமல் வெளியே சாய்ந்திருந்தது. படம் தப்பு என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்குத்தான் அந்தப் பழக்கமே கிடையாதே. பட்டம் போய்விடும் என்ற பயம் வேறு. பயந்தால் எனக்குப் பேச்சு இன்னும் தெளிவாக வரும்.

“சார், இது எங்க சாத்தூர்ப் பக்கத்துப் பூனை. கரிசல் தூசி அதிகம். அதை வெளிய தள்ள முள்ளு இப்படி மாறியிருக்கு.”

அவர் பேனாவை எடுத்துக் குறிக்கவே ஆரம்பித்துவிட்டார். கடைசி வரிசையில் அத்தான் எழுந்தார்.

“ஐயா, பிள்ளையத் தப்பா நினைச்சிராதீக. லேபிள்ல பொறி எப்பவும் வெளிய பார்த்துத்தான் சிந்தணும். உள்ள பார்த்தா கடைக்காரக எடுக்க மாட்டாக. அதான் நான் படத்த மட்டும் திருப்பிவிட்டேன். தொண்டை, உதடுன்னு போட்ட எழுத்து அங்கனயேதான் இருக்கு.”

அறையே சிரித்தது. தேர்வாளர் மட்டும் சிரிக்காமல், அசல் கண்ணாடித் தகட்டைக் கொண்டுவரச் சொல்லி நுண்ணோக்கியில் குனிந்தார். முட்கள் ஒழுங்காகத் தொண்டையைப் பார்த்திருந்தன.

“பூனை நாக்குல குறை இல்ல,” என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது நான் டாக்டர். வீட்டில் அதற்கு மரியாதை கிடையாது; பேனர் கதையை அத்தான் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். போன வாரம் மகன் கணக்குப் பரீட்சையில் கழிக்க வேண்டியதையெல்லாம் கூட்டிவைத்துவிட்டு வந்தான். என்னடா இது என்று விடைத்தாளை நீட்டினேன்.

“அம்மா, இது சாத்தூர்ப் பக்கத்துக் கணக்கு,” என்றான்.

கண்கூட இமைக்கவில்லை. என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.