துரை தின்ற மூன்று தட்டு மக்ரோனி

பஞ்சாங்கம் பார்ப்பதில்லை என்று பெருமையடித்துக்கொள்ளும் வாலிபர்களைக் கண்டால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். நானும் ஒரு காலத்தில் அந்த ரகம்தான். இருபத்து நாலு வயதில் ஒரு பி.ஏ. பட்டமும் ஒரு கறுப்புக் கோட்டும் கைவசம் இருந்தால், கிரகங்கள்கூட நம்மைக் கேட்டுக்கொண்டுதான் நகர வேண்டும் என்று தோன்றும்.

சுதந்திரம் வந்து இரண்டொரு வருஷம் ஆகியிருந்தது. இத்தாலி தேசத்துச் சரக்குகளை நம் ஊரில் பரப்புவதற்காக அந்த நாட்டுச் சர்க்கார் ஓர் அதிகாரியை அனுப்பியிருந்தது. கார்லோ துரை என்று கூப்பிடுவோம். (முழுப் பெயரைச் சொன்னால் மூச்சு வாங்கும்.) இருபது வருஷமாக அவருக்கு இதே உத்தியோகம். கெய்ரோவில் தொப்பி, இன்னொரு ஊரில் தையல் மெஷின் என்று தேசம் தேசமாகப் போய்ச் சொந்த நாட்டுச் சரக்கின் புகழ் பாடியவர். மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு மாடியில் ஆபீஸ். நான் அவருக்கு உதவியாளன், மொழிபெயர்ப்பாளன், ஊர் வழக்கம் சொல்லிக்கொடுப்பவன். இந்த மூன்றாவது காரியத்துக்காகத்தான் முக்கியமாக என்னை எடுத்தாராம்.

வேலை மூன்று மாதத்துக்குத் தற்காலிகம். என் மாமனாருக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. "நேத்திக்கு வரைக்கும் யுத்தத்துல எதிரி. இன்னிக்கு அவன்கிட்டப் போய்க் கையைக் கட்டிண்டு நிக்கணுமோ?" என்றார். தம்முடைய இன்ஷூரன்ஸ் ஆபீஸில் தம் மேஜைக்கு எதிர் மேஜையை எனக்காகக் காலியாக வைத்திருந்தார். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மாமனார் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்வதைவிட இத்தாலிக்கு நீந்தியே போய்விடலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே இந்த வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்குத் துரை ஒரு நிபந்தனை வைத்தார். மயிலாப்பூர்க்காரர்கள் மக்ரோனி சாப்பிட வேண்டும்.

ஏன் மக்ரோனி என்றால், அவர்கள் நாட்டின் தலைசிறந்த சரக்கு திராட்சை மது. எங்கள் மாகாணத்திலோ மதுவிலக்கு. அதன் பேரை உரக்கச் சொன்னாலே போலீஸ் வரும். இன்னொரு பக்கம் அரிசிக்கு ரேஷன். அரிசி இல்லாத வயிற்றில் மக்ரோனியை நுழைத்துவிடலாம் என்பது துரையின் கணக்கு.

தியாகராய நகரில் ஒரு மாதர் சங்கக் கூடத்தை நான் ஏற்பாடு செய்தேன். மயிலாப்பூரிலும் தி. நகரிலும் நாலு பேர் மதிக்கிற மாமிகளாகப் பார்த்து இருபது பேரை அழைத்தேன். பழகிய பாத்திரத்தில் சமைத்ததை அவர்கள் தொடமாட்டார்கள் என்பதற்காகப் புதுப் பாத்திரம் வாங்கினேன். கல்யாணச் சமையல் வைத்தா மாமாவைப் பிடித்தேன். முட்டை சேராத மக்ரோனிதானா என்று துரையிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். நாள் மட்டும் ஒரு புதன்கிழமையாக, கூடம் காலியாக இருந்த நாளாகப் பார்த்துப் போட்டேன்.

"எதுக்கும் பஞ்சாங்கத்தை ஒரு தடவை பாத்துடுங்கோளேன்" என்றாள் என் மனைவி சரசா.

"மக்ரோனிக்கு ராகு காலம் கிடையாது" என்றேன். (எப்பேர்ப்பட்ட ஹாஸ்யம் என்று அன்று முழுக்க எனக்கு ஒரே சந்தோஷம்.)

செவ்வாய்க்கிழமை எங்களுக்குள் சின்னச் சண்டை. அவள் அப்பாவின் எதிர் மேஜையைப் பற்றி நான் ஏதோ சொல்லிவிட்டேன். புதன்கிழமை காலையில் ஸ்டவ்வில் போட்ட காப்பி மட்டும் வந்தது. "இன்னிக்கு அடுப்பு ஏத்தலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கோபம் சமையல் வரைக்கும் வந்துவிட்டதா, வரட்டும் என்று நானும் வீறாப்பாக ஒன்றும் கேட்காமல் கிளம்பி, லஸ் ஓட்டலில் ஆறு இட்லியை உள்ளே தள்ளினேன்.

மாலை நாலு மணிக்கு இருபது மாமிகளும் பட்டுப்புடவை சலசலக்க வந்து உட்கார்ந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. துரை பேசினார். நான் தமிழில் சொன்னேன். அவர் ஒரு வாக்கியம் சொன்னால் நான் நாலு சொன்னேன். பிறகு மாமிகளுக்கு வாழை இலையிலும் துரைக்குப் பீங்கான் தட்டிலும் ஆவி பறக்க மக்ரோனி வந்தது.

யாரும் தொடவில்லை.

மாமிகள் இலையைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மரியாதையாகப் புன்னகை செய்தார்கள். எதிர் மேஜையும், அதற்கு அந்தப் பக்கம் மாமனாரின் மூக்குக்கண்ணாடியும் கண்முன் வந்தன.

"ஏன் சாப்பிடவில்லை?" என்று துரை மெல்லக் கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஊர் வழக்கம் சொல்லிக்கொடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் எப்படித் தெரியாது என்பான்? "விருந்து வைக்கிறவர் முதலில் சாப்பிட வேண்டும். எங்கள் வழக்கம் அது" என்று கூசாமல் அளந்தேன்.

துரை உடனே முள்கரண்டியை எடுத்தார். தட்டில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. அவர் அதை வண்டு என்று நினைத்திருக்க வேண்டும். கடுகு. ஒரு கணம் தயங்கி, மரியாதைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். தட்டு காலியாயிற்று. மாமிகள் வாய்க்குள் சிரித்தார்களே தவிர, கை இலைக்குப் போகவில்லை.

"இன்னும் ஒன்றா?" என்றார்.

"மூன்று" என்றேன். (அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.)

இரண்டாவது தட்டில் துரைக்கு வேர்த்தது. பச்சை மிளகாய். மூன்றாவதில் கண்ணீர் வந்தது. இருபது பெண்மணிகள் கொலுப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வெள்ளைக்காரர் கோட்டும் டையுமாக, என் உத்தியோகத்துக்காக மென்றுகொண்டிருந்தார். ஆபீஸ் பியூன் காதர் பாய் என் காதருகே வந்தார்.

"இன்னா சார் இது? அம்மாங்க ஒருத்தரும் கை வெக்கல. தொர மட்டும் துன்னுகினே கீறாரு."

அதற்குமேல் தாங்காமல் சங்கத் தலைவி மாமியிடம் போய்க் குனிந்தேன். ருசி சரியில்லையா என்று கேட்டேன்.

"ருசியை எப்படிடாப்பா பார்க்கறது? இன்னிக்கு ஏகாதசியோன்னோ?" என்றார் மாமி. "அழைச்சியேன்னு வந்தோம். பாத்துட்டுப் போகலாம்னு உக்காந்திருக்கோம். அந்த மனுஷன் பாவம், இவ்வளவு பசியோட இருந்திருக்கார்."

காலையில் சரசா அடுப்பு மூட்டாத காரணம் அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மாதத்தில் இரண்டு நாள் மயிலாப்பூரே சாதத்தைத் தொடாது. அந்த இரண்டில் ஒன்றாகப் பார்த்து விருந்து வைத்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது கரண்டியும் கையுமாக வைத்தா மாமா வெளியே வந்தார்.

"ஏன் மாமி, யாரும் சாப்பிடலையா? எல்லாம் கோதுமைதானே. ஏகாதசின்னு பாத்துத்தானே சார் பலகாரமா ஏற்பாடு பண்ணியிருக்கார்."

"கோதுமையா?" என்றார் தலைவி.

"சுத்தக் கோதுமை. தொரை எழுதிக் குடுத்த பூண்டு, வெங்காயம், தக்காளி ஒண்ணும் சேக்கலை. அந்த ஆலிவ் எண்ணெயையும் தள்ளி வெச்சுட்டேன். அது கொழந்தைக்கு உடம்புல தடவறதுன்னா. நெய்யை விட்டு, கடுகு தாளிச்சு, தேங்காய் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கேன்."

ஆக, துரையின் செய்முறையில் மிஞ்சியது மக்ரோனியும் தண்ணீரும்தான். ஆனால் மாமிகளின் கை இலைக்குப் போயிற்று. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த மூன்று பேரைத் தவிர எல்லோரும் சாப்பிட்டார்கள். சிலர் இரண்டாம் தரம் கேட்டார்கள். மூன்று தட்டு முடிந்ததும் விருந்து தொடங்கியதைக் கண்ட துரை, வழக்கம் எவ்வளவு துல்லியமானது என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். போகும்போது மாமிகள் ஆலிவ் எண்ணெய்ச் சீசாக்களையும் பேரக்குழந்தைகளுக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் துரை கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது. (மிளகாயின் பலன்.) அரிசி சாப்பிடாத நாட்கள் உண்டென்று தலைவி மாமி விடைபெறும்போது அவரிடம் சொல்லியிருந்தார்.

"அப்படிப்பட்ட நாளாகத் தேடிப் பிடித்திருக்கிறாய். இருபது வருஷத்தில் இப்படி யோசிக்கிற உதவியாளன் எனக்கு வாய்த்ததில்லை" என்றார். வேலை நிரந்தரம். என் முதல் பணி, ஆபீஸுக்கு ஒரு பஞ்சாங்கம் வாங்கி எல்லா ஏகாதசிகளையும் சிவப்பு மையில் குறிப்பது. நான் மிகுந்த அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டேன்.

உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த நல்ல மனுஷர் எங்கள் ஊரில் இருந்த நாலு வருஷமும் எந்த விருந்திலும் தாம் முதலில் மூன்று தட்டு சாப்பிட்ட பிறகே மற்றவர்களைச் சாப்பிட விட்டார். மாற்றலாகிப் போனபோது அடுத்த அதிகாரிக்கு ஊர் வழக்கங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதிவைத்தார். புதியவர் ஒல்லி, அஜீரணக்காரர். முதல் விருந்தில் அவர் மூன்றாவது தட்டைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

வீட்டில் மட்டும் உண்மை அன்றைக்கே தெரிந்துவிட்டது. சரசா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குடித்தனக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இப்போதும் எங்கள் வீட்டு விசேஷங்களில் எல்லோரும் இலை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "துரை மூணு தட்டு முடிச்சாத்தான் நாங்க" என்பார்கள் பேரப்பிள்ளைகள். நானும் சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பேன். இந்த வயதில் மூன்று தட்டு முடிவதில்லை.

இத்தனை வருஷத்தில் சரசா ஒரு ஏகாதசியைக்கூட விட்டதில்லை. காலையில் காப்பியை என் கையில் கொடுத்துவிட்டு, தவறாமல் சொல்லுவாள்:

"இன்னிக்கு அடுப்பு ஏத்தலை. கோவம் இல்லை. ஏகாதசி."