காத்து அண்ணையின் பச்சை விளக்குகள்

வன்னியிலேயே அதிக தடவை வேலையிலிருந்து துரத்தப்பட்ட மனிதர் எங்கள் காத்து அண்ணைதான். அதுவும் ஒரே வேலையிலிருந்து. சில நாட்களில் தேநீர் ஆறுவதற்குள் இரண்டு முறை துரத்தப்பட்டுவிடுவார்.

அந்த வேலை ஒரு கணினி விளையாட்டில் இருந்தது. கிளிநொச்சியில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் மூவர் இருந்தோம்: வங்கியில் வேலை செய்த நான், கைபேசிக் கடை வைத்திருந்த சுரேன், தையல் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்த காத்து அண்ணை. அவர் முல்லைத்தீவுக் கடற்கரைக்காரர். எங்களைவிட மிகவும் மூத்தவர். மாலையானால் மூவரும் சுரேனின் மடிக்கணினிக்கு முன்னால் கூடிவிடுவோம்.

விளையாட்டில் ஒரு நிலக்கீழ் நகரம். அங்கே தண்ணீர், வெளிச்சம், மூச்சுவிடும் காற்று எல்லாமே ஒரு கொம்பனிக்குச் சொந்தம். விளையாடுபவர்தான் மேற்பார்வையாளர். வேலையில் பின்தங்குபவரின் காற்றுக் குழாயைப் பூட்ட வேண்டும். பூட்டப் பூட்டப் பதவி உயரும். கடைசியில் யன்னல் வைத்த அறை கிடைக்கும்.

சுரேன் சில நாட்களிலேயே அந்த யன்னல் அறைக்குப் போய்விட்டான். அண்ணையோ எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டுக் கதிரையில் சாய்ந்துகொள்வார். அவருக்குக் 'காத்து' என்ற பெயர் வந்தது அப்படித்தான். உடனே ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் அவரை வேலைநீக்கம் செய்யும்.

"என்னவாம் சொல்லுறா?"

"உங்கட சேவைக்குக் கொம்பனி நன்றி சொல்லுதாம், அண்ணை" என்பேன்.

"எவ்வளவு மரியாதையாக் கதைச்சு ஆளை முடிக்கிறா, பாத்தியளே."

சுரேனுக்குப் பொறுக்காது. "அண்ணை, அதுகள் ஆக்கள் இல்லை. வெறும் நம்பர்."

"கொம்பனியும் அதைத்தானே சொல்லுது" என்றார் அண்ணை.

பிறகு அந்த நம்பர்களுக்கெல்லாம் பெயர் வைத்தார். சூசை, அந்தோனி, பிலோமினா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவர்களுக்கு விடுமுறையும் கொடுத்தார். கொம்பனி அவரை அந்த நிமிடமே நீக்கியது. "ஞாயிறு கடன்திருநாள், அண்டைக்கு வேலை வாங்கிறது பாவமெண்டு அவளுக்கு ஆர் சொல்லுறது?" என்று முணுமுணுத்தார்.

இப்படியே போயிருந்தால் சிரிப்போடு முடிந்திருக்கும். ஆனால் அவருடைய தொழிற்சாலையில் ஒவ்வொரு தையல் இயந்திரத்துக்கு மேலேயும் ஒரு விளக்குப் பூட்டச் சொன்னார்கள். வேகமாகத் தைத்தால் பச்சை, பின்தங்கினால் சிவப்பு. பூட்டும் வேலை அண்ணையுடையது.

பூட்டினார். மறுநாள் காலையிலிருந்து தொழிற்சாலை முழுவதும் பச்சை. மதியமும் பச்சை. மேலிடத்திலிருந்து வந்தவர்கள் கைதட்டி எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஆளில்லாத இயந்திரங்களுக்கு மேலேயும் பச்சை எரிந்ததைக் கண்ட பிறகுதான் முகாமையாளருக்குச் சந்தேகம் வந்தது.

"லைற் பழுதோ?"

"பழுதில்லை, சேர். நான்தான் அப்பிடிப் பூட்டினனான்."

"ஏன்?"

"சிவப்பைக் கண்டால் பிள்ளையளுக்குக் கை நடுங்கும், சேர். கை நடுங்கினால் ஊசி விரலில ஏறும்."

அன்று மாலை அவர் வழக்கத்தைவிட முந்தியே வீட்டுக்கு வந்து, தன் பங்குக் கேக்கை மூன்றாக வெட்டினார். வேலை போனதைச் சொல்லும்போது குரல் மாறவேயில்லை. கத்தியை மட்டும் நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். சுரேன் மடிக்கணினியைத் திறக்கவில்லை.

ஊருக்குப் போக அவர் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது சுரேன் பையைப் பறித்துத் தன் மோட்டார் சைக்கிளில் கட்டினான். முல்லைத்தீவு வரைக்கும் கொண்டுபோய் விட்டான். திரும்பி வந்தவனின் கண்கள் சிவந்திருந்தன. தெருப்புழுதி என்றான். அதுவோ முழுக்கத் தார் போட்ட தெரு.

தொழிற்சாலையில் விளக்குகளைத் திருத்திவிட்டார்கள். பெண்கள் சிலர் வெட்டுத்துணியால் அவற்றை மூடிவிடுகிறார்களாம், மேற்பார்வையாளர் வந்து கழற்றும்வரை.

அண்ணை இப்போது படகு இயந்திரங்கள் திருத்துகிறார். கிழமைக்கு ஒருமுறையாவது தொலைபேசியில் வருவார். "சாப்பிட்டாச்சோ, தம்பி?" என்றுதான் தொடங்குவார். வயிறு நிறைந்திருந்தாலும் "இன்னும் இல்லை, அண்ணை" என்பேன். அப்போதுதான் ஏசிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் கதைப்பார்.