எதிர்க்கருத்துக்குக் காய்ச்சல்

மாணவர்கள் வகுப்பில் வாய் திறந்து பேச வேண்டும் என்ற மாபெரும் உண்மையை மனிதகுலம் காலங்காலமாகத் தேடிக்கொண்டிருந்தது. கடைசியில் அதைக் கண்டுபிடித்தது எங்கள் பள்ளிதான்.

கண்டுபிடித்த கூட்டத்தில் தலைமையாசிரியர் மதியம் முழுக்கப் பேசினார். "பசங்கள எப்படிப் பேச வைக்கலாம்? தயங்காம சொல்லுங்க" என்றார். ஆசிரியர்கள் அத்தனை பேரும் தயங்காமல் மேஜையைப் பார்த்தோம். "அப்போ எல்லாருக்கும் சம்மதம்" என்று கூட்டம் இனிதே நிறைவுற்றது.

நான் அப்போது தற்காலிக ஆசிரியை. கல்வி அதிகாரி பார்வையிட வரும் அன்று என் வகுப்பு கலகலவென்று விவாதித்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆகவே "சுதந்திரமான கருத்துப் பரிமாற்றம்" ஒன்றை நானே உட்கார்ந்து எழுதினேன். வீட்டுப்பாடம் தேவையில்லை என்று ஜன்னலோரப் பெண் சொல்வாள். முன்பெஞ்சு வாயாடி பொங்கி எழுந்து மறுப்பாள். எந்த வார்த்தையில் பொங்க வேண்டும் என்பதற்குக்கூட ஒத்திகை நடந்தது.

அதிகாரி வந்தார். ஜன்னலோரப் பெண் வரவில்லை, காய்ச்சலாம். வாயாடி அதற்கெல்லாம் அசரவில்லை. தன் முறை வந்ததும் எழுந்தாள். காலி இடத்தைப் பார்த்துக் கையை நீட்டி, "நீ சொல்வதை நான் வன்மையாக மறுக்கிறேன்!" என்று முழங்கினாள்.

அதிகாரி திகைத்தார். "யாரம்மா மறுக்கிற?"

"அவ இன்னிக்கு லீவு சார். வந்திருந்தா தப்பா பேசியிருப்பா."

"சரி, உன் சொந்தக் கருத்து என்ன?"

"அத டீச்சர் இன்னும் குடுக்கல சார்."

அதிகாரி மெதுவாகத் தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். "இதப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?"

தலைமையாசிரியர் அதிகாரியின் முகத்தில் எதையோ தேடினார். கிடைக்கவில்லை. "நீங்க என்ன சொல்றீங்களோ, அதேதான் சார்."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே!"

வாயாடிக்கு மனசு கேட்கவில்லை. "உங்களுக்கும் இன்னும் குடுக்கலையா சார்?" என்று தலைமையாசிரியரைப் பரிவோடு விசாரித்தாள்.

ஒத்திகை பார்க்காமல் என் வகுப்பில் எழுந்த முதல் கேள்வி அது. மெய்யாகவே எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் கடமை என்று ஒன்று இருக்கிறதே.

"வாய மூடிக்கிட்டு உட்காரு!" என்றேன்.

தலைமையாசிரியருக்கு மூச்சு வந்தது. அதிகாரிக்கும் வந்தது. அடுத்த கேள்வி தன் பக்கம் திரும்பிவிடுமோ என்று அவரும் பயந்திருக்கிறார். அன்றைக்கே என் வேலை நிரந்தரமானது.

வாயாடி இப்போது வாயே திறப்பதில்லை. மாணவர்களைப் பேச வைப்பது எப்படி என்று மற்ற பள்ளிகளுக்குப் பயிற்சி கொடுக்க என்னைத்தான் அனுப்புகிறார்கள்.